வீடியோவில் விழுந்த கோடு

சென்ற வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு மாமி கையில் செல்போனுடன் வந்தாள். முகத்தில் ஒரே கலவரம்.

"இதை நீயே பாரடி! வளைகாப்பன்று எடுத்தது. குத்துவிளக்கிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு கிளம்பி என் பெண்ணின் வயிற்றுக்கு நேரே போகிறது. மூத்தவள் கல்யாண வீடியோவிலும் இப்படித்தான் ஒரு கோடு. அவளுக்கு முதல் குழந்தை தங்கவில்லையே!"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடலாம், மாமி" என்றேன்.

முதலில் செல்போன். சந்தனமும் எண்ணெயும் பட்ட பல கைகள் மாறி வந்த போன் அது. விரல் தேய்ந்த இடத்தில் லென்ஸின் மேல் மெல்லிய எண்ணெய் வரிகள் படியும். விளக்கின் ஒளி அந்த வரிகளுக்குக் குறுக்காகச் சிதறிக் கோடாக நீளும். மெல்லிய பருத்தித் துணியால் லென்ஸைத் துடைத்தோம். அதே விளக்கை ஏற்றி மறுபடி படம் பிடித்தோம். கோட்டைக் காணோம்!

அடுத்து, 2003-ல் எடுத்த கல்யாண வீடியோ. இந்தக் கோடு வேறு ஜாதி. மேடை விளக்கின் ஊடே, படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக நின்றது. விளக்கு படத்தை விட்டு நகர்ந்ததும் கோடும் மறைந்தது.

அக்காலத்துக் காமிராக்களில் இருந்தது 'ஸி.ஸி.டி.' என்னும் சில்லு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் உருவாக்கியது. 2009-ல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. அதில் விழும் வெளிச்சம் மின்சாரத் துளிகளாக மாறும். வரிசையில் நிற்கும் பெண்கள் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவது போல, அந்தத் துளிகள் செங்குத்தான பாதையில் ஒவ்வொரு படியாக நகரும். விளக்கின் பிரகாசம் மிஞ்சிப் போனால் அந்தப் பாதையிலேயே கசியும். வழி நெடுக வெள்ளைக் கோடு விழும். இன்றைய செல்போன்களில் இருப்பது 'ஸீமாஸ்' சில்லு. அதில் இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் காட்சியிலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கோடுதான் காமிராவுக்கு வந்த நோய். வரவேற்பில் சுழலும் லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் சில்லு பழுதாகிவிடலாம். அதைத் துணியால் துடைத்துப் பயன் இல்லை. ஜாக்கிரதையாக இருப்பதே நல்லது.

மாமி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தவளுக்கு இப்போதே போன் பண்ணுகிறேன். இத்தனை வருஷமாக அந்த வீடியோவை அவளைப் பார்க்கவே விடவில்லையடி, நான்!"