பழைய பொக்கெட் மணிக்கூடு: விலை கேட்க முன்னம் இலக்கத்தை வாசியுங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் பொக்கெட் மணிக்கூடுகளைப் பற்றிக் கதைச்சம். கேட்டுக்கொண்டே குறிப்பு எடுக்கிறது கஷ்டம் என்பதால, முக்கியமானதை எழுத்தில் தாறம்.

முதல், இது ஏன் எங்கட விஷயம்? சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஆற்றுக்கு மேலால இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்தில பக்கத்தில போகுது. ஒன்று முந்தி கிராண்ட் ட்ரங்க், இப்ப சி.என்.; மற்றது கனேடியன் பசிபிக். அதனால இந்தப் பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் ரயில்காரரின்ர மணிக்கூடு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கட ஆக்களுக்கும் ரயிலுக்கும் தொடர்பு இருக்கு. பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயாவுக்குப் போனவர்களில் பலர் ரயில்வேயில் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலை செய்தவை. "மலாயன் பென்ஷன்" என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருப்பீங்கள். பூட்டனின்ர பெட்டிக்குள்ள ஒரு மணிக்கூடு உங்கட வீட்டிலயும் கிடக்கலாம்.

பெட்டி கைக்கு வந்த உடன நாங்கள் செய்யிறது, நகைக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்க்கிறது. ஆனால் தராசு சொல்லுறது வெளி உறையின் உலோக விலை மட்டும்தான். இப்படித் தங்க உறையை உருக்கி எடுத்த பிறகு அநாதையாகக் கிடக்கிற இயந்திரங்கள் சந்தையில நிறைய. அதனால விற்கவோ பங்கு பிரிக்கவோ முன்னம் இந்த நாலு விஷயத்தையும் பாருங்கோ.

1. சரியான இலக்கம் எது?

மூடியில ஒரு இலக்கம் இருக்கும். அது உறையின் இலக்கம். அமெரிக்க மணிக்கூடுகளில் உறையை ஒரு கம்பெனியும் இயந்திரத்தை இன்னொரு கம்பெனியும் செய்திருக்கும். உங்களுக்குத் தேவை உள்ள இருக்கிற இயந்திரத்தில் வெட்டியிருக்கிற தொடர் இலக்கம். ஃபோனுக்கு ஐ.எம்.ஈ.ஐ. மாதிரி என்று நினையுங்கோ. வால்தம், எல்ஜின், ஹமில்டன் என்றால் அந்த இலக்கத்தை 'பொக்கெட் வாட்ச் டேட்டாபேஸ்' தளத்தில் போட்டால் செய்த காலம், தரம், எத்தனை ஜூவல் எல்லாம் வரும்.

முகப்பில் இருக்கிற பேரை மட்டும் நம்பாதீங்கோ. அது விற்ற கடையின் பேராகவும் இருக்கலாம். "வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா" என்று இருந்தால் அது இந்தியாவில செய்ததில்ல, சுவிஸ் தயாரிப்பு.

பின்மூடியை எப்படித் திறக்கிறது? விளிம்பில் பிணைச்சல் இருந்தால் மற்றப் பக்கத்தில் நகம் போகிற பள்ளம் இருக்கும். பிணைச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் திருகுமூடி. உள்ளங்கையை அழுத்தி இடப்பக்கமாகத் திருப்புங்கோ. கத்தி வேண்டாம்.

2. ரயில் மணிக்கூடா?

1891இல் ஒஹாயோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு டிரைவரின் மணிக்கூடு நாலு நிமிஷம் நின்றுபோனதுதான் காரணம் என்று சொல்லுவினம். அதுக்குப் பிறகு வெப் பால் என்ற நகைக்கடைக்காரர் ரயில்வேக்களுக்கு மணிக்கூடு சோதிக்கும் முறையை உருவாக்கினார். பின்னாள் விதிகளின்படி குறைந்தது 17 ஜூவல், ஐந்து நிலைகளில் சரிபார்த்த இயந்திரம், கிழமைக்கு 30 செக்கனுக்கு மேல் பிழைக்கக்கூடாது.

இந்த வகையில் பலதில் சாவியை இழுத்து நேரம் மாத்தேலாது. முன்கண்ணாடியைக் கழற்றி, உள்ள இருக்கிற சின்ன நெம்பை இழுக்க வேணும். வேலை நேரத்தில் தவறுதலாக முள் நகரக்கூடாது என்பதுக்குத்தான் அது. ஆகவே நேரம் மாறாவிட்டால் பழுது என்று நினைச்சு பலமாக இழுக்காதீங்கோ. கனடாவில் பாவிச்ச பலதில் 13 முதல் 24 வரை உள்வட்டம் இருக்கும். கனேடியன் பசிபிக்குக்காக வால்தம் செய்த சிலதில் பீவர் சின்னமே வெட்டியிருக்கும். அதை விரும்பித் தேடுற ஆக்கள் இருக்கினம்.

3. உறை தங்கமா?

"20 வருஷம்", "25 வருஷம்" உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் அது முழுத் தங்கமில்ல, எங்கட ஆக்கள் சொல்லுற ரோல்ட் கோல்ட். "சில்வராய்ட்" என்றால் வெள்ளியே இல்ல. 0.800, 0.935 என்றால் வெள்ளி. நடக்கிற சிங்கம் இருந்தால் இங்கிலாந்து வெள்ளி. அம்புத்தலை அடையாளம் இருந்தால் பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்தது; யாரோ படையிலயோ அரச வேலையிலயோ இருந்திருக்கலாம்.

4. விலை

கேட்கிற விலையைப் பார்க்காமல், ஈபேயில் "விற்கப்பட்டவை" என்று வடிகட்டிப் பாருங்கோ. காப்புறுதிக்காக எழுதித் தாற மதிப்பு வழமையாகச் சந்தை விலையை விடக் கூட. எல்ஜினும் வால்தமும் கோடிக்கணக்கில் செய்ததால் 7 ஜூவல், 15 ஜூவல் சாதாரண மணிக்கூடுகளுக்குப் பெரிய காசு வராது. வெடிக்காத முகப்பு, மாத்தாத உறை, நல்ல தரம் மூன்றும் சேர்ந்தால்தான் விலை ஏறும்.

செய்யக்கூடாதது: உறையை மினுக்காதீங்கோ, வெட்டு எழுத்து தேயும். எண்ணெய் போட்டுக் கனகாலமான மணிக்கூட்டை ஓடவிடாதீங்கோ, உள்ள தேயும். ஃபோன், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில வைக்காதீங்கோ. காந்தம் ஏறினால் நேரம் பிழைக்கும். இருட்டில ஒளிர்ந்த பழைய முகப்பில் ரேடியம் இருக்கலாம், சுரண்டவே வேண்டாம்.

டேட்டாபேஸில் இல்லாத ஒன்று இருக்கு: அது ஆரின்ர, எந்த ஸ்டேஷனில் கையில் இருந்தது என்ற விபரம். பென்ஷன் கடிதம், பழைய படம் ஏதும் இருந்தால் மணிக்கூட்டோட சேர்த்து வையுங்கோ. அதைச் சொல்லக்கூடிய ஆள் வீட்டில இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோனில ரெக்கோர்ட் பண்ணுங்கோ. இலக்கத்தை எப்பவும் தேடலாம்.

அடுத்த கிழமை சந்திப்பம்!