போட்டோவில் முகம் ஏன் வெளுத்துப் போகிறது? போர்ட்ரெய்ட் எடுப்பதும் எடிட் செய்வதும் எப்படி?

லிங்க்ட்இன் புரொஃபைலுக்கோ வரன் பார்க்கவோ போட்டோ கேட்டால், நம்மில் பலர் முதலில் தேடுவது பியூட்டி ஃபில்டரைத்தான். முகம் ரெண்டு ஷேடு வெளுக்கும், மச்சம் காணாமல் போகும். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி கிரீமே தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் போன் ஃபில்டர்கள் பல இன்னும் அதே வேலையைச் செய்கின்றன.

கேமராவுக்கும் நிறத்துக்கும் என்ன சிக்கல்?

1950-களில் கோடாக் நிறுவனம் போட்டோ லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். பிரிண்டில் நிறம் சரியா என்று அதை வைத்துத்தான் பார்த்தார்கள். சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகே பிலிமில் மாற்றம் வந்தது என்கிறார் கனடா ஆய்வாளர் லோர்னா ராத்.

டிஜிட்டலிலும் இது தொடர்ந்தது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனக் கணிக்கும் 3 நிறுவனங்களின் மென்பொருள்களை 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு சோதித்தனர். கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சமே 0.8 சதவீதம்தான்.

நல்ல படம் எடுப்பது எப்படி?

திருவனந்தபுரம் சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலையில் தமிழ் வியாபாரிகள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அங்கே ஒரு கடைக்காரரை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று முதலில் கேளுங்க. பிறகு:

- வெளிச்சம்: உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். கடை வாசலின் கூரை நிழலில், தெருவைப் பார்த்து நிற்கச் சொல்லுங்க. தெரு வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும், கடையின் உள்ளிருட்டு பின்னணியாகும். மேலே நீலத் தார்ப்பாய் இருந்தால் முகத்திலும் நீலம் ஏறும்; இடம் மாறுங்க.
- தூரம்: போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்க.
- எக்ஸ்போஷர்: காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே கேமரா பார்க்கும். வெள்ளைச் சுவர் முன்னால் முகம் இருண்டுவிடும். இருட்டுப் பின்னணியில் வெளுத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவை நீங்களே கூட்டிக் குறைங்க.
- ஃபோகஸ்: கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் இருக்கட்டும்.

பழகிப் பார்க்க ஒரு வழி: அதே ஊரின் நேப்பியர் மியூசியம் வளாகத்தில் ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. மாநிற முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று பாருங்க.

எடிட்டிங்கில் எதை முதலில் தொடுவது?

ஸ்னாப்சீட், லைட்ரூம் இரண்டிலும் அடிப்படைக் கருவிகள் இலவசம். வரிசை இதுதான்:

1. கிராப் செய்து, சாய்வைச் சரிசெய்யுங்க.
2. ஒயிட் பேலன்ஸ். வெள்ளைச் சட்டையோ வேட்டியோ வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்க. இது சரியானால் தோல் நிறமும் பெரும்பாலும் சரியாகிவிடும்.
3. எக்ஸ்போஷர். பிறகு ஷேடோவைக் கொஞ்சம் உயர்த்தி, ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்குங்க. நெற்றி எண்ணெய்ப் பளபளப்பு அடங்கும்.
4. கடைசியாக ஹீலிங் கருவி.

எங்கே நிறுத்துவது?

ரீடச் செய்பவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை நீக்கலாம். மச்சமும் தழும்பும் அந்த ஆளுடையவை, அவை இருக்கட்டும். பாஸ்போர்ட் போட்டோ என்றால் எடிட்டிங்கே கூடாது. நார்வேயில் உடலமைப்பையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்துக்கு 2022 ஜூலை முதல் அடையாளக் குறி கட்டாயம்.

இன்டர்வியூவுக்கோ பெண் பார்க்கவோ நேரில் போகும் நாளில் அந்தப் படமும் நீங்களும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். சேவ் செய்யும் முன் ஒரிஜினலையும் எடிட் செய்ததையும் மாற்றி மாற்றிப் பாருங்க. தோல் நிறம் ஒரு ஷேடு ஏறியிருந்தால், திரும்பப் போய் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் குறைங்க.