பதிவு நாளில் நம் பிள்ளையை வரவேற்பவர் யார்? மாணவர் விவகாரப் பணிக்குத் தயாராகும் வழிகள்

சுங்கை ரம்பாய் – இங்கிருந்து ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அது ஒருவருடைய பயணமாக இருப்பதில்லை. அப்பா லீவு போடுவார், மாமா காரை எடுப்பார், பாட்டி திருநீறு பூசி அனுப்புவார். பின்னிருக்கையில் வாளி, தலையணை, ஒரு பெட்டி மேகி மீ. பதிவு நாளில் வரிசையில் நின்று அந்தக் குடும்பம் முதலில் பேசுவது பேராசிரியரிடம் அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவர் விவகாரப் பிரிவு அதிகாரியிடம்தான்.

மாணவர்கள் சுருக்கமாக ‘ஹெப்’ என்று சொல்லும் பிரிவு அது. பட்டம் முடித்து முதுகலை, முனைவர் படிப்பில் இருக்கும் நம் இளைஞர்களில் பலர் விரிவுரையாளர் வேலையை மட்டுமே குறிவைக்கிறார்கள். அதே வளாகத்தில் இப்படி ஒரு தொழில் இருப்பதும், அதற்கென்று கற்க வேண்டியவை இருப்பதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஒரு பையும் ஒரு பாரமும்

நான் தமிழியல் படித்த காலத்தில், விடுதியில் அடுத்த அறையில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். கல்விக் கடன் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு வேளை சாப்பிட்டு நாளை ஓட்டினார். முகப்பில் கேட்டபோது, “பணம் வந்ததும் வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் பையைக் கட்டிவிட்டார்.

அந்த மாடியின் பெலோவாக இருந்தவர் ஒரு முதுகலை மாணவர். பையைப் பார்த்து, “என்னடா தம்பி, வெள்ளிக்கிழமைகூட ஆகலையே, வீட்டுக்கா?” என்று கேட்டார். பிறகு உட்கார வைத்து விசாரித்தார். கட்டணத்தைத் தள்ளிவைக்க எந்தப் பாரம், நலநிதிக்கு எந்த மேசை, யாரிடம் கையொப்பம் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை கூடவே போனார். அந்தப் பிள்ளை படிப்பை முடித்தார்.

பெலோவுக்கு நல்ல மனம் இருந்தது. ஆனால் நல்ல மனம் மட்டும் இருந்திருந்தால், பத்து வெள்ளி கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் காரியம் நடந்தது. அந்த அறிவைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

‘ஹெப்’ என்றால் ஏன் பயம்?

விடுதி, கல்வி நிதி, ஆலோசனை, இயக்கங்கள், விளையாட்டு, உடற்குறையுள்ள மாணவர் நலன், வேலைவாய்ப்பு வழிகாட்டுதல், கட்டொழுங்கு எல்லாம் இந்தப் பிரிவைச் சார்ந்தவை. ஆனாலும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டொழுங்குதான். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பல்கலைக்கழகங்கள் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-இல் வந்தது. 1974-இல் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு மாணவர் நடவடிக்கைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. மாணவர் விவகார அலுவலகம் என்றால் கண்காணிக்கும் இடம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 2012-இல் மாணவர்கள் அரசியல் கட்சியில் சேர வழிவிடப்பட்டது. 2018 இறுதியில் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையும் நீக்கப்பட்டது. சட்டம் இறங்கி வந்தாலும் பயம் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. தோட்டத்தில் ‘ஆபீஸ்’ என்றாலே தயங்கி நின்ற குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் மாணவர் விவகாரத்துக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. படிக்கும்போதே விடுதியிலோ ஆலோசனை மையத்திலோ பகுதிநேரமாகப் பணியாற்றி, மூத்த அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் தொழிலைக் கற்கிறார்கள். அங்குள்ள இரண்டு பெரிய தொழில்முறைச் சங்கங்களான நாஸ்பாவும் ஏ.சி.பி.ஏ.வும் சேர்ந்து, இப்பணியில் இருப்பவருக்கு வேண்டிய திறன்களைப் பட்டியலிட்டு 2015-இல் திருத்தி வெளியிட்டன. சட்டமும் நிர்வாகமும், ஆலோசனையும் ஆதரவும், சமூக நீதி, தொழில்நுட்பம், மதிப்பீடும் ஆய்வும் எனப் பத்துத் துறைகள் அதில் உள்ளன.

நம் நாட்டில் பெரும்பாலோர் வேறு துறையில் பட்டம் பெற்று, வேலையில் சேர்ந்த பிறகே இதைக் கற்கிறார்கள். உயர்கல்வி அமைச்சின் கீழ் 2008-இல் அமைந்த உயர்கல்வித் தலைமைத்துவக் கழகமான ‘அகெப்ட்’ பல்கலைக்கழகப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. ஆனால் வேலை கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதுகலை மாணவராக இருக்கும்போதே ஐந்து காரியங்களைத் தொடங்கலாம்.

1. சட்டத்தைப் படியுங்கள். மேலே சொன்ன சட்டத்தையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டொழுங்கு விதிகளையும் ஒருமுறையாவது முழுமையாக வாசியுங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட மாணவருக்கு என்ன உரிமை, மேல்முறையீடு எங்கே என்று தெரிய வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிரான 2022-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவர் மன்றத்தில் புகார் செய்ய வழிவகுத்திருக்கிறது. இதை அறியாத அதிகாரி, “பொறுத்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

2. பணம் வரும் வழியை அறியுங்கள். 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடன், மாநில உதவிகள், அறவாரிய உபகாரச் சம்பளம், பல்கலைக்கழக நலநிதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனையும் கடைசி நாளும் உண்டு. பதிவு நாளுக்கும் கடன் பணம் வரும் நாளுக்கும் இடையே இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் ஏழைப் பிள்ளை பையைக் கட்டுகிறது.

3. கேட்கப் பழகுங்கள், எல்லையை அறியுங்கள். ஆலோசகர் சட்டம் 1998-இன்படி, பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாதவர் ஆலோசகராகத் தொழில் செய்ய முடியாது. பெலோவும் நிர்வாக அதிகாரியும் செய்ய வேண்டியது, பொறுமையாகக் கேட்டு உரியவரிடம் கொண்டு சேர்ப்பது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்று அஞ்சும் பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

4. எழுதப் பழகுங்கள். இந்த வேலையில் பாதி, அறிக்கை. என்ன நடந்தது, எப்போது, யார் இருந்தார்கள், என்ன செய்தோம் என்று நல்ல மலாயில் ஒரு பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும். வதந்தியையும் கண்டதையும் பிரித்து எழுத வேண்டும். தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லின் எடை தெரியும். அந்தப் பழக்கம் மலாய் அறிக்கைக்கும் உதவும்.

5. அனுபவத்தைத் தேடிப் போங்கள். விடுதிப் பெலோ பொறுப்புக்கு முதுகலை மாணவர்களைச் சேர்க்கும் இடங்களில் விண்ணப்பியுங்கள். புதிய மாணவர் வாரத்தில் உதவுங்கள். தமிழ் இயக்கத்தின் கலைவிழாவோடு நின்றுவிடாமல் எல்லா இன மாணவர்களோடும் பணியாற்றுங்கள். தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் கவனிக்க யாரையும் நியமிப்பதில்லை. கிளந்தானிலிருந்து வரும் மீனவர் மகனுக்கும் சரவாக் நீண்ட வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கும் இதே தடுமாற்றம்தான்.

வேலைக்கு விண்ணப்பிக்க

அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பணியாளர்களைத் தாங்களே நியமிக்கின்றன. விளம்பரம் அந்தந்தப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் வரும். ‘மாணவர் விவகார அதிகாரி’ என்றே பதவிப் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிர்வாக அதிகாரி, உளவியல் அதிகாரி, பண்பாட்டு அதிகாரி, இளைஞர் விளையாட்டு அதிகாரி என்ற பெயர்களில் தேடுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆலோசகராக விரும்புவோர், தாங்கள் சேரும் படிப்பை ஆலோசகர் வாரியம் ஏற்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

மலாக்காவிலேயே டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், நமக்குப் பக்கத்தில் மெர்லிமாவ் போலிடெக்னிக் என்று உயர்கல்விக்கூடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மாணவர் விவகாரப் பணி உண்டு.

நம் பெற்றோர் பிள்ளையை டாக்டராக, வழக்கறிஞராக, ஆசிரியராகப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த டாக்டரும் வழக்கறிஞரும் முதலாம் ஆண்டைத் தாண்ட வேண்டும். தேர்வில் தோற்று வெளியேறுபவர் பெயர் பட்டியலில் வரும். பணமில்லாமல், பேச ஆளில்லாமல் இரவு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளையைப் பற்றி ஊரில், “படிப்பு ஏறலை” என்று மட்டும் சொல்வார்கள்.

அடுத்த பதிவு நாளில் சுங்கை ரம்பாயிலிருந்து இன்னொரு கார் புறப்படும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும், தொழிலைக் கற்றவராக இருக்க வேண்டும். அவர்களில் சிலர் அதே போன்ற காரில் ஒருநாள் வந்திறங்கியவர்களாக இருந்தால், வரிசையில் நிற்கும் அப்பாவின் தயக்கம் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.