சினை நிற்காத பசுவுக்கு வீட்டு மூலிகை

சென்னைக்குத் தெற்கே நாவலூர், தாழம்பூர் பக்கங்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று கட்டடங்களாகிவிட்டது. மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் மாட்டை விடவில்லை. மேய்ச்சல் தரை சுருங்கியதால் பசு நாள் முழுவதும் கட்டுத்தறியிலேயே நிற்கிறது. இதனால் முதலில் கெடுவது பால் அல்ல, சினைதான். மந்தையோடு மேயும் பசு பருவத்துக்கு வந்தால் மற்ற மாடுகள் மேல் தாவுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டிப் போட்ட பசுவில் அது தெரியாது. பல மாடுகள் இரவிலும் விடியற்காலையிலும் பருவம் காட்டி அடங்கிவிடும்.

ஒரு பருவம் தவறினால் 21 நாட்கள் வீண். நான்கு பருவம் தவறினால் ஏறக்குறைய மூன்று மாதத் தீனி வீண். மூன்று முறைக்கு மேல் சினை ஊசி போட்டும் நிற்காத பசு கடைசியில் சந்தைக்குத்தான் போகிறது. விற்ற பணத்தில் அதே தரத்தில் இன்னொரு கறவை வாங்க முடிவதில்லை.

இத்தகைய பசுக்களுக்கு நாட்டு வைத்தியத்தில் ஒரு முறை உண்டு. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இதுபோன்ற முறைகளைத் திரட்டி, அளவும் நாளும் வகுத்து விவசாயிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். தேசிய பால்வள வாரியமும் இவற்றைப் பால் உற்பத்தியாளர்களிடம் பரப்பி வருகிறது. பாலில் மருந்து எச்சம் தங்குவதைக் குறைக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம்.

பசு பருவத்துக்கு வந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ இந்த வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். முதல் ஐந்து நாட்கள் தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி. அடுத்த நான்கு நாட்கள் தினம் ஒரு சோற்றுக்கற்றாழை மடல். அதற்கடுத்த நான்கு நாட்கள் நான்கு கைப்பிடி முருங்கை இலை. பின்னர் நான்கு நாட்கள் நான்கு கைப்பிடி பிரண்டைத் தண்டு. கடைசி நான்கு நாட்கள் நான்கு கைப்பிடி கறிவேப்பிலையுடன் மஞ்சள். எதுவானாலும் பச்சையாக, வெல்லமும் உப்பும் சேர்த்து, நாளுக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும். வரிசையை மாற்றக் கூடாது.

கூட்டிப் பார்த்தால் சரியாக 21 நாட்கள். மருந்து முடியவும் அடுத்த பருவம் வரவும் சரியாக இருக்கும். அந்தப் பருவத்தில் சினை ஊசி போடலாம். நிற்காவிட்டால் இன்னொரு முறை இதே வரிசையில் கொடுக்கலாம். முள்ளங்கி தவிர மற்றதெல்லாம் கொல்லையிலும் வேலியிலும் கிடைப்பவைதான். சினை இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன மாட்டுக்கே கொடுக்க வேண்டும். சினை மாடுகளில் சில பருவ அறிகுறி காட்டுவது உண்டு.

இந்த மருந்தால் சரியாகாதவையும் இருக்கின்றன. பருவத்தில் வழியும் கோழை கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியோ சீழ் கலந்தோ வந்தால் கருப்பையில் புண் இருக்கிறது என்று பொருள், மருத்துவர் பார்த்தாக வேண்டும். வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை இல்லாமல் எந்த மூலிகையும் பலிக்காது. ஊசி போடும் நேரமும் முக்கியம். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் போட வேண்டும். ‘நிற்காத மாடு’ என்று பெயர் வாங்கிய பசுக்களில் பல, நேரம் தவறி ஊசி போடப்பட்டவையே. அதற்காகவே இரவு படுக்கும் முன்பும் விடியற்காலையிலும் கொட்டிலுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். அடிக்கடி கத்துவது, தீனி குறைவது, பால் திடீரெனக் குறைவது, வாலடியில் கோழை ஒட்டியிருப்பது ஆகியவை அறிகுறிகள்.

சினை நிற்காமைக்கு வேர் பல சமயம் முந்தைய கன்று ஈன்ற நாளிலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடி விழாவிட்டால் அதைக் கையால் பிடித்து இழுப்பதும், செங்கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. இது பெருந்தீங்கு. கருப்பை கிழிந்து இரத்தம் போகும், புண் பிடிக்கும். அடுத்த சினைக்கு அதுவே தடை.

கன்று ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரை கிலோ வெண்டைக்காயை வெல்லம், உப்புடன் தின்னக் கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் தொங்கினால், உடலை ஒட்டிக் கொடியில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு 2 அங்குலம் கீழே அறுத்துவிட வேண்டும். முடிச்சு தானே உள்ளே போய்விடும். பிறகு வாரம் ஒரு முள்ளங்கி வீதம் நான்கு வாரம். காய்ச்சல் கண்டாலோ, நாற்றம் அடித்தாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ மூலிகையோடு நிற்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

சினை முதிர்ந்த மாடு கன்று வீசினால், கன்றையும் கொடியையும் வெறும் கையால் தொடக் கூடாது. கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றும். நாய் இழுக்காதபடி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, அந்தப் பசுவின் இரத்தத்தைப் பரிசோதித்து முடிவு தெரிந்த பிறகே மற்ற மாடுகளோடு சேர்க்கலாம்.