மங்கிய காருக்கு மறுபடியும் பளபளப்பு

தில்லி வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் கார் மங்கினால், முழுவதும் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. என் காரில் நானே பார்த்தது இது.

கீறலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். சிக்கினால் பெயிண்டரிடம் போங்கள். சிக்காவிட்டால், காரைக் கழுவி நிழலில் நிறுத்தி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்க்கவும். பிறகு 3000 நம்பர், ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ், கடைசியில் வாக்ஸ்.

அவசரம் கூடாது. நிறத்தின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு ஏறக்குறைய 40 மைக்ரான்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கரைகிறது. விளிம்புகளைத் தொடாதீர்கள். தண்ணீர் பால்போல் வந்தால் கரைவது அந்தப் பூச்சுதான். காரின் நிறம் கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். போன பூச்சைப் பாலிஷ் திருப்பித் தராது.