குடியை விட்ட பின்னும் நிற்கும் பயம்

"மிஸ், பயம் போகட்டும்னுதான் குடிச்சேன். இப்ப குடிய விட்டுட்டேன். பயம் மட்டும் வாசல்லயே உக்காந்திருக்கு. நான் என்ன செய்ய?"

மடுல்கெல்லயில் ஒரு தோட்டத்து லயத்தின் படியில் அமர்ந்து ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ஏனெனில் இதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே கேட்கக் கூச்சப்படும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள்.

அக்கா பிறந்தது இந்த மலையில்தான். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன பல குடும்பங்களைப் போல அவருடைய பெற்றோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். அங்கே காடு வெட்டி, காணி திருத்தி, கல்யாணம் செய்து வாழ்ந்தார். 2009 இல் கணவரையும் மகளையும் இழந்தார். மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக்கிடம் இல்லை. மடுல்கெல்லயில் தங்கையின் காம்பராவில் ஒதுங்கினார்.

இரவில் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, "கொஞ்சம் குடிச்சா அசந்து தூங்கலாம்" என்று ஊற்றிக் கொடுத்தார். அதுதான் தொடக்கம். ஒரு மூடி, அரைக் கிளாஸாகி, பிறகு கசிப்பில் வந்து நின்றது.

பெண் குடிப்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்பதை 1979 இல் கொண்டுவரப்பட்ட விதி தடை செய்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதியின் பணிப்பின் பேரில் தடை மீண்டும் வந்தது. ஆனால், விற்கக் கூடாது என்றவுடன் குடி நின்றுவிடுமா? ஒளித்து வாங்கி ஒளித்துக் குடிப்பார்கள். ஒளித்துக் குடிப்பவர் உதவி கேட்டும் வரமாட்டார்.

நான் செய்த தவறு

அக்கா குடியை விடப்போகிறேன் என்றதும் நான் மகிழ்ந்துபோனேன். "மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், இன்றோடு விடுங்கள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டாம் நாள் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வந்துவிட்டது. தங்கை கூக்குரலிட்டு, அயலவர்கள் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். அவர் பிழைத்தது அவர்களால். நான் சமூகவியல் படித்தவள். ஆனால் அன்று எனக்குத் தெரியாமல் போன ஒரு விடயம் ஓர் உயிரையே எடுத்திருக்கும்.

ஆகவே இதை முதலில் சொல்கிறேன். நாளாந்தம் அதிகமாகக் குடித்தவர் வீட்டில் தனியாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்துச் சில மணித்தியாலங்களில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த ஓரிரு நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்தினால் மருந்தும், உடம்பில் குறைந்துபோன விற்றமின் பி1 உம் கொடுத்துப் பாதுகாப்பாகக் கொண்டுவருவார்கள்.

பயம் ஏன் கூடுகிறது?

மதுபானம் மூளையின் வேகத்தை அமர்த்துகிறது. நாளாக நாளாக மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் விழிப்பைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மது நின்றதும் அந்த விழிப்பு மட்டும் மிஞ்சுகிறது. நெஞ்சு படபடக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடுகிறது. இதைத்தான் உளநல வைத்தியர்கள் பதகளிப்பு என்கிறார்கள். பலருக்குச் சில வாரங்களில் இது படிப்படியாகக் குறையும்.

யுத்தத்தைக் கண்டவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குடிக்கு முன்பே இருந்த பயம் அது. குடி அதை மூடி வைத்திருந்தது. மூடி போனதும் அது எழுந்து நிற்கிறது. குடியை விட்டு ஒரு மாதம் கடந்தும் பயம் குறையாவிட்டால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். இது பலவீனமும் அல்ல, விதியும் அல்ல.

அக்காவுக்கு உதவியவை

முதலாவது, தேநீர். ஆம், நாம் கிள்ளும் கொழுந்துதான். அக்கா நாளுக்கு எட்டு, ஒன்பது கோப்பை சாயம் கூடிய பிளேன்டீ குடித்தார். அதிலுள்ள கபேன் நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும். மூன்றாகக் குறைத்து, பின்னேரத்துக்குப் பின் விட்டார். தூக்கம் சற்றுத் திரும்பியது.

இரண்டாவது, மூச்சு. இழுப்பதை விட விடுவதற்குக் கூடிய நேரம் எடுக்க வேண்டும். மலையில் கூடையுடன் நிற்கும்போதே செய்யலாம்.

மூன்றாவது, பசி, கோபம், தனிமை, களைப்பு. மது ஆசை எழும்போது இந்த நான்கில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆசை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அது வரை தாக்குப்பிடித்தால் போதும்.

நான்காவது, பாமசியில் தூக்க மாத்திரை தானாக வாங்காமல் இருப்பது. சில மாத்திரைகள் மதுவைப் போலவே பழக்கமாகிவிடும்.

ஐந்தாவது, ஆள். "என்ன நேரமானாலும் கதவைத் தட்டலாம்" என்று லயத்தில் இரண்டு பெண்களிடம் பேசி வைத்தோம்.

ஒரு பத்தாந் தேதி

மே மாதம், சம்பள நாள். கையில் காசு. கீழ் லயத்துக் கல்யாண வீட்டில் பட்டாசு வெடித்தார்கள். அக்காவுக்கு அது பட்டாசாகக் கேட்கவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு கசிப்பு விற்கும் இடத்தை நோக்கி இறங்கிவிட்டார். பாதி வழியில் பேசி வைத்த பெண்ணின் வீடு. கதவைத் தட்டினார். அந்தப் பெண் புத்தி சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியும் இடிச்ச சம்பலும் வைத்து, "சாப்பிடுங்க அக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகளின் பெயரைச் சொல்லி அக்கா அன்றுதான் வாய்விட்டு அழுதார். மறுநாள் பெரட்டுக்குப் போனார்.

அதற்குப் பின் ஒரு தடவை வழுக்கியும் விட்டார். அடுத்த நாளே வந்து சொன்னார். வழுக்கியதைச் சொல்ல ஓர் இடம் இருந்தால் எழும்புவது எளிது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். 1980 இல் அவர் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருடன் குடும்பத்தவருக்கும் ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாமும் நடத்தினார்கள். ஒரு பெண்ணின் துக்கம் பலருக்குப் படியானது.

எங்கள் நாட்டிலும் உதவி இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தை 1926 இலும், அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 இலும் அழைக்கலாம். பக்கத்து வைத்தியசாலையில் உளநலப் பிரிவு எங்கே, கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள்.

சகோதரிகளே, உங்கள் லயத்தில், உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். "குடிகாரி" என்ற சொல்லை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு ஒரு ரொட்டியை எடுத்து வையுங்கள்.

சென்ற மாதம் அக்காவைக் கண்டேன். "பயம் போயிருச்சா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"வருது மிஸ். வந்துட்டுப் போயிருது. முன்ன மாதிரி உக்கார்றது இல்ல."