கிளிசரின் ஏன் எரிகிறது?

வெடித்த உதட்டில் கிளிசரின் தடவினால் எரிகிறதே, மருந்துக்கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா என்று பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சரக்கு நல்ல சரக்குதான், அம்மா. தண்ணீர் கலக்காமல் தடவியதுதான் வினை.

கிளிசரின் தண்ணீருக்கு அலையும். அதன் மூலக்கூறில் மூன்று கார்பன். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில். சம்பள நாளில் லயத்து வாசலில் நிற்கும் வட்டிக்காரனைப்போல, நீரைக் கண்டால் மூன்றும் விடாது. ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி மூடாமல் வைத்துப் பாருங்கள். உங்கள் கோல சிலாங்கூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? நாள் போகப் போக அளவு குறையாது, கூடும்; தேன்போல் இருந்தது இளகிவிடும். உதட்டில் தடவினால் உதட்டு ஈரத்தையே இழுக்கும். அந்த எரிச்சல்தான் உங்களுக்கு. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடவுங்கள், அடங்கிவிடும். மலச்சிக்கலுக்குக் குழந்தைகளுக்கு வைக்கும் கிளிசரின் குளிகையும் குடலுக்குள் நீரை இழுத்துத்தான் வேலை செய்கிறது. கிளிசரின் கலந்த பற்பசை காயாமல் இருப்பதும் இதனால்தான்.

கிளிசரினைச் சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். செம்பனை எண்ணெயை உயர் அழுத்த நீராவியில் உடைத்தால் கொழுப்பு அமிலம் சோப்புக்குப் போகும். கூட வரும் இனிப்புத் தண்ணீரைச் சுண்டவைத்தால் கிளிசரின். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ தேறும். குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கி முதுகொடிந்த குடும்பங்கள் அதையே சின்னப் புட்டியில் காசு கொடுத்து வாங்குகின்றன.

1779இல் வேதியியலாளர் ஷீலே கிளிசரினை முதலில் பிரித்தெடுத்தபோதே அதன் இனிப்பைக் கவனித்தார். வம்பும் அங்கேதான். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் நிறமற்றது, இனிக்கும், விலையும் மலிவு; அதனால் கிளிசரினில் கலந்துவிடுகிறார்கள். ஆனால் சிறுநீரகத்தைத் தீர்த்துவிடும். மூளை வீக்கம் வடியக் கிளிசரின் கொடுப்பதுண்டு, அதுவும் நீர் இழுக்கும் குணத்துக்காகவே. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் அப்படிக் கொடுத்த கிளிசரினில் இந்த நஞ்சு கலந்திருந்து 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கையைப் படித்தாவது உலகம் திருந்தியிருக்கலாம். பத்து ஆண்டுக்குள் ஹைட்டியில் குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் அதே கதை. பீப்பாயோடு வந்த சான்றிதழ் சுத்தமான கிளிசரின் என்றது. பீப்பாயைத் திறந்து சோதிக்க யாரும் மெனக்கெடவில்லை.